எட்டு மில்லிமீட்டர்

ஜனவரி 3

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தென்னைக்கு எந்த மாதம் என்ன வைக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறார்கள். எனக்குத் தென்னையும் இல்லை, தோப்பும் இல்லை. ரைபிள் கிளப்பில் துப்பாக்கிகளைத் துடைத்து, திருகு முடுக்கி, ஆளுக்கு ஏற்றபடி பொருத்திக் கொடுக்கிறவன் நான். நாற்பத்து மூன்று வயதாகிறது. வீட்டில் ஓர் ஆள் சமையல். "சும்மா வெச்சுக்குங்க நாச்சிமுத்து, ஏதாச்சும் எழுதுங்க" என்றார். எழுதிப் பார்க்கிறேன்.

கிளப் செயலாளர் சேனாபதி சார் இன்று வந்து, வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு பெண் போலீஸ் பயிற்சிக்கு வரும் என்று சொன்னார். நமது பழைய ஜெர்மன் ரைபிளை அவருக்கு ஒதுக்க வேண்டுமாம். அதன் மரக்கட்டைக்கு எண்ணெய் போட்டே ஆறு மாதம் ஆகிறது. முதலிலேயே சொன்னால் என்ன கெட்டுப் போகும் இந்த மனிதருக்கு?

ஜனவரி 5

ஏழரைக்கு வந்தார். பெயர் செண்பகவல்லி. முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். ஊர் கோவில்பட்டிப் பக்கம். வேலை இங்கே பொள்ளாச்சிப் பக்கம் மகளிர் காவல் நிலையத்தில். டியூட்டி முடித்து அப்படியே காக்கிச் சட்டையோடு வந்திருந்தார்.

"கோவில்பட்டிங்களா? கடலை மிட்டாய் ஊரு" என்றேன்.

"அங்க மனுசங்களும் இருக்கோம்ண்ணே" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்குகிற முகம்.

இங்கே வருகிறவர்கள் எல்லோரும் சுடத் தெரியாததற்குக் குழாயைக் குறை சொல்வார்கள், குண்டைக் குறை சொல்வார்கள், காற்றைக் குறை சொல்வார்கள். ரைபிள் என்பது தைத்த சட்டை மாதிரி என்று சொன்னால் ஒருவருக்கும் ஏறாது. தோளில் வைக்கிற பின்கட்டை நீளமாக இருந்தால் கழுத்தை நீட்ட வேண்டும். கன்னம் வைக்கிற கட்டை தாழ்வாக இருந்தால் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அறுபது குண்டு சுட்டு முடிப்பதற்குள் கழுத்து நடுங்கும், கண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும், குண்டு தாளில் நாலாபக்கமும் சிதறும். இதைச் சொன்னபோது அவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப எனக்குத் தைச்சுக் குடுங்க" என்றார்.

முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு வரை அளந்தேன். நாடாவின் ஒரு நுனியை அவரையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முப்பத்திரண்டு சென்டிமீட்டர். அந்த அளவுக்குப் பின்கட்டையில் தகடு வைத்து முடுக்கினேன். பாயில் குப்புறப் படுத்துக் குறி பார்த்தார். வைத்தது வைத்தபடி பொருந்தியது.

ஜனவரி 8

கிளப் பீரோவில் கிடந்த ஷூட்டிங் ஜாக்கெட் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். முரட்டுக் கேன்வாஸ், தோளில் ரப்பர் பட்டை. போட்டுக்கொண்டு, "புல்லட் புரூஃப்ல கூட இதவிட நல்லா மூச்சு விடலாம்" என்றார்.

அறுநூற்றுக்கு ஐந்நூற்று ஐம்பத்தொன்பது. கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். கன்னக்கட்டையை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றினேன். தேவலை என்றார்.

ஜனவரி 9

இன்று யாரும் வரவில்லை. இலக்குத் தாள் வைக்கிற மண்மேட்டில் மயில்கள் கிளறிப் போட்டிருந்தன, விரட்டினேன். மரக்கட்டைக்கு எண்ணெய் போட்டேன். அவர் ஜாக்கெட் ஆணியில் தொங்கியது. ஏதோ தோன்றி வெர்னியர் அளவுகோலை எடுத்துத் தோள்பட்டையின் கனத்தை அளந்தேன். எட்டு மில்லிமீட்டர்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காக்கிச் சட்டையோடு அளந்து காக்கிச் சட்டையோடு பொருத்தினால், ஜாக்கெட் போட்டதும் பின்கட்டை எட்டு மில்லிமீட்டர் நீளம் ஆகிவிடாதா? பதினெட்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். வந்த புதிதில்கூட இந்தத் தப்பைச் செய்ததில்லை. அன்றைக்கு நாடாவைப் பிடித்தபோது என் கவனம் நாடாவில் இல்லை.

நான்கு மில்லிமீட்டர் தகடு இரண்டைக் கழற்றினால் போதும். இரண்டு திருகு, ஐந்து நிமிஷ வேலை. நாளை வந்ததும் செய்ய வேண்டும்.

ஜனவரி 10

வந்தார். கையில் மாட்டுகிற வார் தளர்ந்திருந்தது, அதைச் சரிசெய்தேன். பிறகு முன்கை தாங்குகிற கட்டையை அரை அங்குலம் முன்னே தள்ளினேன். பிறகு முன்குறியின் வளையத்தை மாற்றினேன். இப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. தன் ஸ்டேஷனுக்கு வருகிற மாமியார் மருமகள் சண்டைகளைப் பற்றி நிறையச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் பய ஒருத்தன் மூக்க நோண்டிக்கிட்டு நிப்பான் பாருங்க" என்று அவர் நடித்துக் காட்டியதில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று எண்ணினால் எண்ண முடியவில்லை.

தகடு கழற்ற நேரம் இல்லை.

ஜனவரி 15

பொங்கல். அவருக்குப் பந்தோபஸ்து டியூட்டி. கிளப்புக்கு விடுமுறை. நான் மட்டும் போய்ப் பூட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 19

இன்று விஷயம் முழுவதையும் சொன்னார். மார்ச் இரண்டாம் தேதி சென்னையில் தேர்வு. ஐந்நூற்று எண்பது எடுத்தால் மாநிலப் போலீஸ் அணி. அணியில் இடம் கிடைத்தால் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் தருவதாக மேலதிகாரி வாக்குக் கொடுத்திருக்கிறார். கிடைக்காவிட்டால் இன்னும் மூன்று வருஷம் இங்கேதான். ஆறு வயதில் மகள் இருக்கிறது, மகிழினி என்று பெயர். கோவில்பட்டியில் அக்கா வீட்டில் விட்டிருக்கிறார். புருஷன்?

"அது கோர்ட்ல கெடக்கு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஐந்நூற்று அறுபத்து மூன்று. கன்னக்கட்டையை ஒரு மில்லிமீட்டர் இறக்கினேன்.

ஜனவரி 26

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். சேனாபதி சார் முக்கால் மணி நேரம் பேசினார். அவருடைய அரிசி ஆலையில் மெஷின்கள் ஏன் அவ்வளவு சத்தத்தோடு ஓடுகின்றன என்று இப்போது புரிகிறது, இவர் குரலை மிஞ்சத்தான்.

செண்பகவல்லி கடைசி வரிசையில் நின்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். எனக்கும் வந்தது.

ஜனவரி 31

ஒரு பெண் என்னை அண்ணே என்று கூப்பிடுவதில் என்ன குற்றம்? கடைக்காரரையும் அண்ணே என்கிறார், கண்டக்டரையும் அண்ணே என்கிறார். மரியாதை தெரிந்த பெண். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்கிறது.

முன்பு எனக்கு நாலு இடத்தில் பெண் பார்க்கப் போனோம். நாலு இடத்திலும் தோட்டம் எத்தனை ஏக்கர் என்றார்கள். ஐந்தாவது இடத்துக்குக் கூப்பிட்டபோது நான்தான் வரமாட்டேன் என்றேன். அதோடு அந்த ஆசை செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். சாகவில்லை. அவர் வருகிற நாளெல்லாம் காலை ஏழரைக்குப் பைக் சத்தம் கேட்கிறதா என்று காது வாசலில் கிடக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் உண்மை.

பிப்ரவரி 4

ஐந்நூற்று எழுபத்தொன்று. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. "உங்க கை பட்டா துப்பாக்கி சொன்ன பேச்சு கேக்குது" என்றார். நான் இன்று செய்தது வாரை ஒரு துளை இறுக்கியது மட்டும்தான். ஏறிய எண் முழுவதும் அவருடையது. சரியாகப் பொருந்தாத கட்டையோடு இவ்வளவு சுடுகிறவர், பொருந்தினால் எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

தகட்டைத் திடீரென்று இப்போது எடுத்தால், பழகிய உடம்பு தடுமாறும். கொஞ்ச நாள் போகட்டும்.

பிப்ரவரி 9

கழுத்தில் தைலம் தடவிக்கொண்டு வந்தார். ரேஞ்ச் முழுக்க தைல வாசனை. ஐந்நூற்று அறுபத்தாறு. முப்பது குண்டு வரை நன்றாக இருக்கிறது, அதன் பிறகு சிதறுகிறது. ஏன் என்று என்னைக் கேட்டார்.

"பழக்கந்தானுங்க. போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

"துப்பாக்கி மேல தப்பு இருக்குமோ?"

"இல்லீங்க."

"அப்ப எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிப் பாயைச் சுருட்டினார். நான் எண்ணெய் டப்பாவை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்த ரைபிளை மறுபடியும் துடைத்தேன்.

பிப்ரவரி 13

இன்று ஒரு தடவைகூட அண்ணே என்று சொல்லவில்லை. வேறு பெயரும் சொல்லவில்லை. "இந்தாங்க", "பாருங்க", "போயிட்டு வாரேன்". வீட்டுக்கு வந்து முதல் வார்த்தையிலிருந்து நினைவுபடுத்திப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை.

பிப்ரவரி 16

சேனாபதி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுக்கு வராதுன்னு நெனைக்கறேன், நாச்சிமுத்து. ரைபிளை வேற ஆளுக்குக் குடுத்துடலாமா?"

"அவங்களுக்கு வராதுன்னா இந்தக் கிளப்புல ஒருத்தனுக்கும் வராதுங்க. நீங்க போய் அரிசியைப் பாருங்க" என்றேன்.

பதினெட்டு வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 20

ஐந்நூற்று அறுபத்து மூன்று. ஒரு மாதத்துக்கு முன்பு எங்கே இருந்தாரோ அங்கேயே வந்து நிற்கிறார்.

ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து என் மேஜைமேல் வைத்தார். "விட்டுரலாம்னு நெனைக்கேன்" என்றார்.

நான் ஜாக்கெட்டை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"நேத்து போன் போட்டேன். எம்மவ எங்க அக்காவ அம்மாங்கா. நான் யாருடீன்னு கேட்டா, நீ போலீசம்மாங்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் முகம் கலங்கிவிட்டது. "மூணு வருசம் கழிச்சுப் போனா அந்தப் பேரும் இருக்காது. பிள்ளையத்தான் குடுத்தாச்சு, கழுத்தையும் எதுக்குக் குடுக்கணும்? எனக்கு இது வராது. வராதுன்னு ஒத்துக்கிடுதேன்."

நாளை மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டு ரைபிளை ஒப்படைப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

பிப்ரவரி 21

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. பிறகு யாரிடம் மறைக்கிறேன்? எழுதிவிடுகிறேன்.

நேரம் இல்லாமல் இல்லை. பழகிய உடம்பு தடுமாறும் என்பதும் பொய். பின்கட்டை பொருந்திவிட்டால் அவருக்கு என்னிடம் வேலை இல்லை. நேராக ரைபிளை எடுப்பார், சுடுவார், போவார். ஜெயித்துவிட்டால் ஊருக்கே போய்விடுவார். நாற்பத்து மூன்று நாள், தெரிந்தே, எட்டு மில்லிமீட்டரை நான் கையில் பிடித்து வைத்திருந்தேன்.

இன்று காலையில் இன்னொரு நினைப்பும் வந்தது. அவர் விட்டுவிட்டால் மூன்று வருஷம் இதே ஊரில்தான் இருப்பார். சந்தையில் பார்க்கலாம், பஸ் ஸ்டாண்டில் பார்க்கலாம். நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கண்டுதான் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. அந்தப் பிள்ளை இன்னொருத்தியை அம்மா என்கிறது, நான் சந்தையில் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திருகைக் கழற்றி இரண்டு தகட்டையும் எடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 22

கையெழுத்துப் போட வந்தவரை, "ஒரே ஒருக்கா படுத்துப் பாருங்க" என்றேன். வேண்டாம் என்றார். "எனக்காகப் பாருங்க" என்றேன். இதுவரை அவரிடம் எனக்காக என்று எதையும் கேட்டதில்லை. ஜாக்கெட்டைப் போட்டுப் படுத்தார்.

பத்துக் குண்டு. தொலைநோக்கியில் பார்த்தால் எல்லாம் நடுவில் ஒரே ஓட்டையாகக் கிடந்தன. தலையைத் தூக்கிக் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். ஜாக்கெட்டைக் கணக்கில் எடுக்காமல் அளந்ததைச் சொன்னேன். அதற்கு மன்னிப்பும் கேட்டேன். அங்கேயே நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் சிரித்து, பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார். நான் நிறுத்தவில்லை.

"ஒம்பதாந் தேதியே தெரியுமுங்க. போன மாசம் ஒம்பது."

எழுந்து உட்கார்ந்தார். "தெரிஞ்சுமா சொல்லல?"

"ஆமாங்க."

"ஏன்?"

"சரியாயிடுச்சுன்னா நீங்க எங்கிட்ட வர வேண்டியதில்லைங்களே. அதுதானுங்க."

காற்று இல்லை. மயில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "எனக்கு வராதுன்னு நான் அழுதேன், தெரியுமா? உங்க மேஜைகிட்ட நின்னு அழுதேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க" என்றார். குரல் உயரவே இல்லை. பிறகு திரும்பப் படுத்து மீதி ஐம்பதையும் சுட்டார். ஐந்நூற்று எண்பத்து நான்கு. தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 27

தினமும் வருகிறார். ரைபிளைச் சேனாபதி சாரிடம் கேட்டு வாங்குகிறார். நான் கட்டடத்தின் பின்பக்கம் வேலை வைத்துக்கொள்கிறேன். ஐந்நூற்று எண்பத்தாறு, எண்பத்து நான்கு, எண்பத்தேழு. என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன தகுதி?

மார்ச் 2

சேனாபதி சாரும் அவரும் நேற்றே ரயிலில் போனார்கள். காலை எட்டேகாலுக்கு என் போன் அடித்தது.

"நான்தான்" என்றார்.

எட்டு நாள் கழித்துக் கேட்ட குரல். எழுந்து நின்றுவிட்டேன்.

"ரயில் ஆட்டத்துல கன்னக்கட்ட எறங்கிப் போச்சு. ரெண்டு திருகும் லூசாக் கெடக்கு. நீங்க போட்ட பென்சில் கோடும் அழிஞ்சிருக்கு. இன்னும் பன்னெண்டு நிமிசத்துல உள்ள கூப்புடுவாங்க. சாருகிட்டக் கேட்டா முழிக்காரு."

"பதட்டப்படாதீங்க. கட்டையை மரத்தோட படியற வரைக்கும் கீழ எறக்குங்க. எறக்கிட்டீங்களா? இப்பக் கட்டையைக் கொஞ்சம் தூக்கி, உங்க சுண்டுவிரலை நுனி கீழ இருக்கற மாதிரி இடுக்குல வையுங்க. நகம் முழுசும் மறையோணும், நகத்துக்கு மேல சதை வெளிய தெரியோணும். அந்த ஒசரத்துல முடுக்குங்க."

திருகுச் சத்தம். "எங் கை நகம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அதற்குப் பதில் சொல்ல நேரம் இல்லை.

"படுங்க. போனைக் கீழ வெச்சு ஸ்பீக்கர்ல போடுங்க. சுடாம குறி மட்டும் பாருங்க. பாத்தீங்களா? இப்பக் கண்ணை மூடுங்க. மூச்சை உள்ள இழுத்து மெதுவா விடுங்க. உடம்பைத் தளர்த்துங்க. ரைபிளைப் புடிக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். மறுக்கா ஒரு மூச்சு."

ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அவர் மூச்சு விடுகிற சத்தம் என் காதில் கேட்டது. நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது.

"இப்பக் கண்ணைத் தொறங்க. குறி எங்க நிக்குது?"

"கொஞ்சம் மேல."

"அரை மில்லி எறக்குங்க. நகத்தோட அடி வெள்ளை எட்டிப் பாத்தாப் போதும். மறுக்கா மூடுங்க. விடுங்க. தொறங்க."

"நடுவுல" என்றார். "நடுவுலயே நிக்கி."

"அவ்வளவுதானுங்க. இனி ஒண்ணையும் தொடாதீங்க."

போனை வைக்காமல் ஒரு கணம் இருந்தார். நானும் இருந்தேன். பிறகு யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டார்.

மார்ச் 3

ஐந்நூற்று எண்பத்தெட்டு. அணியில் நாலு பேர், இவர் இரண்டாவது. சேனாபதி சார் ஊர் முழுக்கத் தான் பயிற்சி கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும்.

மார்ச் 14

மாற்றல் உத்தரவு வந்துவிட்டதாம். காவலர் குடியிருப்பில் சாமான் கட்டுகிறாராம்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ஏழரைக்கு ரோட்டில் எந்தப் பைக் போனாலும் எழுந்து பார்க்கிறேன். பால்காரன் பைக்குக்குக்கூட எழுந்தேன்.

மார்ச் 19

காலை பத்து மணிக்கு வந்தார். கிளப் ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க. சேலையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கழுத்தில் தைல வாசனை இல்லை.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தார். போகவில்லை.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றார்.

"இருக்கட்டுங்க."

"சும்மா போயிருவோம்னுதான் நெனச்சேன். ஆனா ஒண்ணு கேக்காமப் போனா எனக்கு ஒறக்கம் வராது." மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்களுக்கு வாய் இல்லையா? வெளிய கடை இருக்கு. ஒரு டீ குடிக்கலாமா செண்பகவல்லின்னு ஒரு நாளு கேட்டிருந்தா வந்திருப்பேனே. தினமும் வந்திருப்பேன். அதுக்குப் போயி எங் கழுத்தையா முறுக்கணும்?"

வந்திருப்பேன் என்றார். காதில் தப்பாக விழவில்லை, வந்திருப்பேன் என்றுதான் சொன்னார்.

பிறகு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டேன். "இப்ப ஒரு டீ குடிக்கலாமுங்களா, செண்பகவல்லி?"

நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது. கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை.

"பதினோரு மணிக்கு மதுர பஸ்சு. அம்மா சாயங்காலம் வந்துருவேன்னு எம்மவகிட்டச் சொல்லிட்டேன்" என்றார்.

"அப்பப் போங்க. புள்ளை காத்துட்டு இருக்கும்."

தலையாட்டினார். வாசல் வரைக்கும் போய், ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

மணி பதினொன்றைத் தாண்டிய பிறகு வெளியே கடைக்குப் போய் ஒரு டீ சொன்னேன். கேட்பது இவ்வளவு சுலபம் என்று நாற்பத்து மூன்று வயது வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.